அதிகாரம் மட்டும் போதாது: 7.1 என்ற விதி பிறந்த கதை

ஐ.எஸ்.ஓ. சான்றிதழ் வாங்கிய எந்தத் தொழிற்சாலையிலும் தரப்பிரிவில் இருப்பவர்களுக்கு 7.1 என்ற எண் பழக்கமானது. மேலாண்மை அமைப்பை உருவாக்க, நடத்த, பராமரிக்க, தொடர்ந்து மேம்படுத்த என்னென்ன வளங்கள் வேண்டும் என்பதை நிறுவனம் தீர்மானிக்க வேண்டும். தீர்மானித்ததைக் கொடுக்கவும் வேண்டும். அந்த விதி கேட்பது இவ்வளவுதான். முதன்முறை படிப்பவருக்கு இதையெல்லாமா எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றும். ஆளும் கருவியும் பணமும் இல்லாமல் எந்த வேலைதான் நடக்கும்?

ஆனால் இந்த ஒரு வரி இன்றைய வடிவத்துக்கு வந்துசேர ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. தரம் காக்கும் ஆளுக்கு முதலில் அதிகாரத்தைக் கொடுத்தார்கள். அதற்கான கையும் கருவியும் பல ஆண்டுகள் கழித்துத்தான் வந்தன. அந்தக் கருவிக்கான பணத்தை யார் கையில் வைப்பது என்ற கேள்விக்கு இன்றும் பல இடங்களில் விடை இல்லை.

தொடக்கம் ராணுவத்தில். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1959இல் மில்-க்யூ-9858 என்ற ஆவணத்தை வெளியிட்டது; 1963இல் அதைத் திருத்தி 9858ஏ ஆக்கியது. அதுவரை ராணுவத்துக்குச் சரக்கு வாங்கும் முறை எளிமையானது. சப்ளையர் செய்து முடித்ததும் அரசு ஆய்வாளர் வந்து அளந்து பார்ப்பார். நல்லதை எடுத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்புவார். ஏவுகணையும் ஜெட் விமானமும் ரேடாரும் வந்தபின் இந்த முறை செல்லுபடியாகவில்லை. ஆயிரக்கணக்கான உறுப்புகள் சேர்ந்த பொருளை முடிந்த நிலையில் பார்த்து, உள்ளே இருக்கும் ஒரு மோசமான பற்றவைப்பைக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே, தரத்துக்கான ஏற்பாட்டை உன் தொழிற்சாலைக்குள்ளேயே வை, அதை நாங்கள் வந்து பார்க்கிறோம் என்று சப்ளையரிடம் சொல்லிவிட்டார்கள்.

அந்த ஆவணத்தில் இரண்டு விஷயங்கள் கவனிக்கத் தக்கவை. தரப்பணி செய்பவர்களுக்குத் தெளிவான பொறுப்பும் அதிகாரமும், நிறுவனத்துக்குள் தடையின்றிப் பேசும் சுதந்திரமும் இருக்க வேண்டும் என்றது அது. உற்பத்தி மேலாளரின் அவசரத்துக்கு முன்னால் ஆய்வாளரின் குரல் அடங்கிப்போகக் கூடாது என்ற அக்கறை அதில் தெரிகிறது. இன்னொன்று திட்டமிடல். ஒப்பந்தம் கைக்கு வந்தவுடன் அதை முழுதாக அலசி, சிறப்புச் சோதனைக் கருவிகள், ஜிக், ஃபிக்ஸ்சர், தனித் திறன்கள் எவை தேவைப்படும் என்று கண்டு, உரிய நேரத்தில் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும் என்றது. வளத் திட்டமிடலின் விதை இங்கேதான் இருக்கிறது. ஆனால் அது ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் செய்யும் ஏற்பாடு. ஒப்பந்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தத் தர அமைப்பையே ஆண்டுக்கணக்கில் நிற்கவைக்க ஆளும் பணமும் வேண்டுமே, அந்தப் பொறுப்பு யாருடையது என்று அது சொல்லவில்லை.

அணு மின்துறை இன்னும் ஓரடி எடுத்துவைத்தது. 1970இல் அமெரிக்க அணுசக்தி ஆணையம் அணு உலைகளுக்கான தர உறுதி விதிகளைப் பதினெட்டு அளவுகோல்களாக வகுத்து, சட்டத்தின் பின்னிணைப்பாகச் சேர்த்தது. தரப்பிரிவினருக்கு அதிகாரமும் சுதந்திரமும் வேண்டும் என்பதோடு, பாதுகாப்புக்கு எதிராகச் செலவும் காலக்கெடுவும் வந்து நிற்கும்போது அவற்றின் பிடியிலிருந்து அவர்கள் விலகியிருக்க வேண்டும் என்றும் பின்னர் அதில் சேர்த்தார்கள். எதிரி யார் என்று பெயர் சொல்லி எழுதிய விதி இது. தரத்தை விழுங்குபவை எப்போதும் இந்த இரண்டுதான், செலவும் தேதியும். இவற்றைப் பெயர் சொல்லாமல் வளம் பற்றிப் பேசுவதில் பயனில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

அட்லாண்டிக்கின் மறுகரையில் கதை வேறு வழியில் போனது. நேட்டோ 1968இல் தன் தர ஆவணங்களை வெளியிட, பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகம் எழுபதுகளின் தொடக்கத்தில் தனக்கென ஒரு வரிசை கொண்டுவந்தது. பெரிய கொள்முதல்காரர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாக விதி எழுதி, தனித்தனியாக ஆள் அனுப்பி, ஒரே சப்ளையரைத் திரும்பத் திரும்பத் தணிக்கை செய்தார்கள். சர் ஃபிரெடெரிக் வார்னர் தலைமையிலான குழு 1977இல் தந்த அறிக்கை எல்லாருக்கும் பொதுவான தேசியத் தரநிலையை வற்புறுத்தியது. 1979இல் பி.எஸ். 5750 பிறந்தது. அதே ஆண்டில் சர்வதேசத் தரநிலை அமைப்பான ஐ.எஸ்.ஓ., கனடாவைச் செயலகமாகக் கொண்டு 176ஆம் தொழில்நுட்பக் குழுவை அமைத்தது. அந்தக் குழு உழைத்துத் தந்தது 1987இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 9000 வரிசை.

நம் 7.1இன் நேரடி மூதாதை அந்த வரிசையில் வந்த ஐ.எஸ்.ஓ. 9001இன் 1987 பதிப்பில்தான் இருக்கிறது. அதன் எண் 4.1.2.2. சரிபார்ப்புக்கு என்னென்ன தேவை என்று சப்ளையர் கண்டறிய வேண்டும், அதற்குப் போதுமான வளங்களைக் கொடுக்க வேண்டும், பயிற்சி பெற்ற ஆட்களை நியமிக்க வேண்டும் என்பது அதன் சாரம். சரிபார்ப்பு என்றால் ஆய்வு, சோதனை, கண்காணிப்பு, வடிவமைப்பு மறுபார்வை, உள் தணிக்கை. இவற்றுள் மறுபார்வையையும் தணிக்கையையும் அந்த வேலைக்கு நேரடிப் பொறுப்பு இல்லாத ஆட்கள் செய்ய வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு.

கவனியுங்கள், சரிபார்ப்புக்கு மட்டும்தான் வளம். பொருளைச் செய்கிறவருக்கு, வடிவமைப்பவருக்கு, நிர்வகிப்பவருக்கு வளம் வேண்டும் என்று அந்த விதி கேட்கவில்லை. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. இந்தத் தரநிலைகள் எல்லாம் வாங்குபவரின் நாற்காலியில் உட்கார்ந்து எழுதப்பட்டவை. சரக்கு சரியாக இருக்கிறதா என்ற நம்பிக்கைதான் வாங்குபவருக்கு வேண்டியது. அதைத் தருபவர் ஆய்வாளர். ஆகவே ஆய்வாளருக்குக் கருவி இருந்தால் போதும், மற்றவை சப்ளையரின் சொந்த விவகாரம் என்று நினைத்தார்கள்.

விரிவான பார்வை அவர்களிடம் இல்லாமல் இல்லை. அதே வரிசையில் வழிகாட்டி நூலாக வந்த ஐ.எஸ்.ஓ. 9004, தரக் கொள்கையை நிறைவேற்றத் தேவையான வளங்களை நிர்வாகம் கொடுப்பது நல்லது என்று சொல்லிவிட்டு, மனித வளம், தனித் திறன்கள், வடிவமைப்புக் கருவிகள், உற்பத்தி இயந்திரங்கள், ஆய்வு மற்றும் சோதனைக் கருவிகள், மென்பொருள் என்று வரிசையாகப் பட்டியலே போட்டிருந்தது. ஆனால் 9004 அறிவுரை நூல். தணிக்கையாளர் அதை வைத்துக் கேள்வி கேட்க முடியாது. 9001 போன்ற தரநிலைகள்தான் ஒப்பந்தத்தில் ஏறும். ஆகவே முழுப் பட்டியல் அறிவுரையாகவே அலமாரியில் இருந்தது. சரிபார்ப்புக்கான துண்டு மட்டும் கட்டாயமானது.

அந்தக் குழு இதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், எழுதாமல் விட்ட பகுதியின் விலை என்ன என்பதை உலகம் இரண்டு இடங்களில் பார்த்தது. இந்த நிகழ்வுகளால்தான் விதி மாறியது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இவற்றை அருகில் வைத்துப் படிக்காமல் அந்த விதியின் அருமை புரியாது.

முதலாவது நம் நாட்டில். 1984 டிசம்பர் 2 நள்ளிரவில் போபாலில் மீதைல் ஐசோசயனேட் கசிந்தபோது, அதைக் குளிர்வித்து வைக்க வேண்டிய குளிரூட்டும் அமைப்பு பல மாதங்களாக நிறுத்தப்பட்டிருந்தது. வெளியேறும் வாயுவை எரித்துவிட வேண்டிய கோபுரம் குழாய் வேலைக்காகத் துண்டிக்கப்பட்டுக் கிடந்தது. நஷ்டத்தில் ஓடிய ஆலையில் சிக்கனம் என்ற பெயரில் அந்தப் பிரிவின் ஆட்கள் பாதியாகக் குறைக்கப்பட்டிருந்தார்கள்; இரவு ஷிஃப்டில் பராமரிப்பு மேற்பார்வையாளர் என்ற பதவியே எடுக்கப்பட்டிருந்தது. பாதுகாப்புச் சாதனங்கள் எல்லாம் வரைபடத்தில் இருந்தன. அவற்றை உயிரோடு வைத்திருக்கும் செலவுதான் ஒவ்வொன்றாக வெட்டப்பட்டிருந்தது. ஒவ்வொரு வெட்டும் ஏதோ ஒரு மேசையில், ஏதோ ஒரு கையெழுத்தோடு நடந்திருக்கும். அவை எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் சேர்த்துப் பார்க்கும் கூட்டம் ஒன்று நடந்திருந்தால் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

இரண்டாவது 1986 ஜனவரி 28. நாசாவின் ஷட்டில் விண்கலங்களில் ஒன்றான சேலஞ்சர் கிளம்பி 73 வினாடிகளில் சிதறி ஏழு பேர் இறந்தார்கள். ரப்பர் வளையம் குளிரில் விறைத்ததும், ஏவுவதற்கு முந்தைய இரவு பொறியாளர்கள் எச்சரித்ததும் எல்லாருக்கும் தெரிந்த கதை. விசாரணை நடத்திய ரோஜர்ஸ் ஆணையத்தின் அறிக்கையில் அதிகம் பேசப்படாத ஓர் அத்தியாயம் இருக்கிறது. நாசாவின் பாதுகாப்புப் பிரிவு ஏன் வாய் திறக்கவே இல்லை என்று அது தேடிப்போகிறது. நம் விதிக்கு மிக நெருக்கமான பக்கங்கள் அவை.

பாதுகாப்பு, நம்பகத்தன்மை, தர உறுதி ஆகியவற்றுக்கு நாசா தலைமையகத்தில் பொறுப்பு வகித்தவர் தலைமைப் பொறியாளர். அவருக்குக் கீழே 20 பேர். அந்த இருபதில் ஒருவர் தன் நேரத்தில் 25 சதவீதத்தை ஷட்டிலின் நம்பகத்தன்மைக்கும் தர உறுதிக்கும் கொடுத்துவந்தார். இன்னொருவர் 10 சதவீதத்தைப் பறப்புப் பாதுகாப்புக்குக் கொடுத்துவந்தார். இரண்டையும் கூட்டினாலும் தலைமையகத்தில் ஷட்டிலுக்காக ஒரு முழு ஆள்கூட இல்லை. ஏவுகலன் வேலை நடந்த மார்ஷல் மையத்திலும் இந்தப் பிரிவின் ஆட்கள் குறைக்கப்பட்டிருந்தார்கள். மிச்சமிருந்த பிரிவும், எந்தப் பொறியியல் துறையைச் சோதிக்க வேண்டுமோ அதே துறையின் கீழ் வைக்கப்பட்டிருந்தது. ஷட்டில் இனிமேல் சோதனை வண்டி அல்ல, வழக்கமாக ஓடும் வண்டி என்று அறிவித்த பிறகுதான் இந்தக் குறைப்பெல்லாம். பறப்புகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போன காலத்தில் பார்ப்பவர்களின் எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வந்தது.

வளையத்தில் அரிப்பு முந்தைய பறப்புகளிலேயே தென்பட்டிருந்தது. அந்தத் தரவுகளை வரிசையாக அடுக்கி, போக்கு எங்கே போகிறது என்று பார்க்கும் வேலை சரிவர நடக்கவில்லை என்பதும் ஆணையத்தின் முடிவு. போக்கைப் பார்ப்பதற்கு மேதை தேவையில்லை. நேரம் உள்ள ஒருவர் தேவை. அதிகாரம் எழுத்தில் இருந்தது. அதைப் பயன்படுத்த ஆள்தான் இல்லை.

1994இல் ஐ.எஸ்.ஓ. 9001 திருத்தப்பட்டபோது 4.1.2.2 அகலமானது. நிர்வாகம், வேலையைச் செய்தல், சரிபார்ப்பு, உள் தணிக்கை ஆகிய எல்லாவற்றுக்கும் போதுமான வளம் என்று எழுதினார்கள். இரண்டே சொற்றொடர்கள் கூடின. ஆனால் ஆய்வாளரின் அறைச் சுவர் அங்கே இடிந்தது. லேத்தில் நிற்பவருக்கும் வளம் பற்றிப் பேச விதியில் இடம் கிடைத்தது.

அதற்குள் இந்தத் தரநிலை நம் ஊருக்கு வந்துவிட்டது. 1990இல் இந்தியாவிலேயே முதலாவதாக ஐ.எஸ்.ஓ. 9000 சான்றிதழ் பெற்றது சென்னையைச் சேர்ந்த சுந்தரம் ஃபாஸ்னர்ஸ். பின்னால் அம்பத்தூர், ஓசூர், கோவை என்று எல்லாத் தொழிற்பேட்டைகளிலும் பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில் அந்த எண் ஏறியது. அதோடு ஒரு புதிய பதவியும் வந்தது. அமைப்பு ஒழுங்காக நடக்கிறதா என்று பார்த்து நிர்வாகத்துக்குச் சொல்ல ஒருவரை நியமிக்கும்படி தரநிலை கேட்டது. நிர்வாகப் பிரதிநிதி என்ற அவரைத் தொழிற்சாலைகளில் எல்லாரும் எம்.ஆர். என்றே அழைப்பார்கள். நிர்வாகத்தில் ஒருவராக அவர் இருக்க வேண்டும் என்பது 1994 விதி. நடைமுறையில் பல இடங்களில் தரப்பிரிவின் நடுத்தர அலுவலர் ஒருவரே எம்.ஆர். ஆனார். தணிக்கைக்கு முந்தைய வாரம் இரவு பகலாகக் கோப்புகளைச் சரிசெய்வது அவர் தலையில் விழும். ஒரு கேஜ் வாங்க வேண்டுமென்றாலும் அவர் கொள்முதல் பிரிவின் வாசலில் நிற்க வேண்டும். பொறுப்பு அவருடையது, பணப்பெட்டி இன்னொருவருடையது.

2000ஆம் ஆண்டுப் பதிப்பு எல்லாவற்றையும் கலைத்து அடுக்கியது. இருபது தலைப்புகளாக இருந்த தரநிலை ஐந்து பெரும் பிரிவுகளானது. அவற்றில் ஒன்று, ஆறாம் பிரிவு, முழுக்க முழுக்க வள மேலாண்மைக்கே. வளம் வழங்கல், மனித வளம், உள்கட்டமைப்பு, வேலைச் சூழல் என்று நான்கு கிளைகள். 1987இல் 9004 அறிவுரையாகச் சொன்னதில் பெரும்பகுதி பதிமூன்று ஆண்டுகள் கழித்துக் கட்டாயமானது. இன்னொரு மாற்றமும் நடந்தது. போதுமான வளம் கொடு என்று கேட்ட இடத்தில், எது தேவை என்று நீயே தீர்மானி, பிறகு கொடு என்று கேட்டார்கள். எனக்கு இது பெரிய முன்னேற்றம். போதுமா என்று கேட்டால் யாரும் போதும் என்று சொல்லித் தப்பிவிடலாம். எப்படித் தீர்மானித்தாய் என்று கேட்டால் கணக்கைக் காட்டியாக வேண்டும்.

காட்டுகிறார்களா? நான் போய்ப் பார்த்த ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையைச் சொல்கிறேன். அங்கே துல்லிய அளவெடுப்புக்கு ஒரே ஒரு சி.எம்.எம். இயந்திரம். நல்ல இயந்திரம், கேலிப்ரேஷன் ஸ்டிக்கர் தேதி தப்பாமல் இருந்தது, அறையின் வெப்பநிலைப் பதிவேடும் சுத்தம். ஆனால் அதை இயக்கத் தெரிந்தவர் ஒருவர்தான், அவர் பகல் ஷிஃப்ட். இரவில் புதிய செட்டிங் போட்டால் முதல் பீஸ் மஞ்சள் அட்டை கட்டிக்கொண்டு ட்ராலியில் காலைவரை காத்திருக்கும். மெஷின் காத்திருக்காது. காலையில் அளந்து துளை இடம் மாறியிருக்கிறது என்று தெரியும்போது பெட்டிகளில் அரை நாள் உற்பத்தி நிறைந்திருக்கும். இரவு ஷிஃப்டுக்கு இன்னொருவரைப் பயிற்றுவித்தால் தீர்ந்துவிடும் விஷயம் இது. அந்தத் தொழிற்சாலையின் நிர்வாக மறுபார்வைக் கூட்டக் குறிப்பேட்டைப் புரட்டினேன். வளங்களின் போதுமை என்ற தலைப்புக்கு எதிரே ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரே சொல்: போதுமானவை. தனியே இன்னொரு கோப்பில் இரவு ஷிஃப்டின் கழிவுக் கணக்கு இருந்தது. இரண்டு கோப்புகளும் ஒரே அலமாரியில் ஒருபோதும் சந்திக்காமல் இருந்தன.

விதியில் குறை இல்லை. ஆள் கேட்டு யார் எழுதினார்கள், யார் மறுத்தார்கள், மறுத்ததால் வரும் நஷ்டத்தை யார் ஏற்றுக்கொண்டார்கள் என்று அந்தக் குறிப்பேட்டில் எழுதும் பழக்கம் இல்லை. அதுதான் குறை. வளத்தை ஆளுவது என்று நான் சொல்வது இந்தப் பழக்கத்தைத்தான். கேட்டதையெல்லாம் கொடுக்க எந்த நிறுவனத்தாலும் முடியாது. மறுப்பதும் நிர்வாகத்தின் வேலைதான். ஆனால் மறுப்புக்கு ஒரு பெயரும் தேதியும் காரணமும் வேண்டும்.

தரநிலை எழுதுபவர்களும் மெல்ல அந்தத் திசையில்தான் நகர்ந்தார்கள். 2012இல் ஐ.எஸ்.ஓ. தன் மேலாண்மைத் தரநிலைகள் அனைத்துக்கும் ஒரே எலும்புக்கூட்டை வகுத்தது. அதற்குள் ஐ.எஸ்.ஓ. 9001 மட்டும் வைத்திருக்கும் நிறுவனங்களின் எண்ணிக்கை உலகெங்கும் 10 லட்சத்தைத் தாண்டியிருந்தது. சுற்றுச்சூழல், தகவல் பாதுகாப்பு என்று வேறு பல தரநிலைகளும் தத்தம் வரிசை எண்ணோடு ஓடிக்கொண்டிருந்தன. பொது வடிவில் 7.1 என்றால் எங்கும் வளம்தான். ஒரே சொற்கள், ஒரே இடம். தடைப்பட்டாலும் தொழில் தொடர்வதற்கான 22301, தகவல் பாதுகாப்புக்கான 27001, சுற்றுச்சூழலுக்கான 14001, தொழிலாளர் பாதுகாப்புக்கான 45001 எல்லாவற்றிலும் அந்த வரி அப்படியே வந்தது. ஆய்வாளரின் கருவிக்காகப் பிறந்த விதி, தொழிலாளியின் உயிருக்கான தரநிலையில் போய் உட்கார்ந்தது 2018இல். போபால் நடந்து முப்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து.

9001இன் 2015 பதிப்பு அந்தப் பொது வரியின் கீழ் ஆறு கிளைகள் வைத்தது. முதல் கிளை திட்டமிடுபவருக்கானது: கையில் இருக்கும் வளத்தின் திறன் என்ன, அதன் வரம்பு என்ன, வெளியிலிருந்து வாங்க வேண்டியது என்ன என்று பார்க்கச் சொல்கிறது. வரம்பைப் பார்க்கச் சொன்னது முக்கியம். அடுத்தடுத்து ஆட்கள், உள்கட்டமைப்பு, செயல்சூழல், அளவிடும் வளங்கள். ஆறாவதாக வந்ததுதான் புதியது. நிறுவனத்தின் அறிவையே வளங்களில் ஒன்றாகச் சேர்த்தார்கள். அனுபவத்தால் சேர்ந்த அந்த அறிவைக் காக்க வேண்டும், தேவைப்படுபவருக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்றார்கள்.

அறிவு எப்படி வளம் ஆகும் என்று கேட்பவர்களுக்கு நான் அமெரிக்க அணு ஆயுதத் துறையின் ஒரு கதையைச் சொல்வேன். ட்ரைடென்ட் ஏவுகணையில் இருக்கும் டபிள்யூ76 என்ற வெடிமுனையில் ஃபாக்பேங்க் என்ற ரகசியப் பெயர் கொண்ட ஒரு பொருள் இருக்கிறது. டென்னசி மாநிலத்தின் ஓக் ரிட்ஜில் உள்ள ஒய்-12 வளாகத்தில் எழுபதுகள், எண்பதுகளில் அதைச் செய்தார்கள். தேவை முடிந்ததும் உற்பத்திக்கூடத்தை மூடினார்கள். 2000ஆம் ஆண்டு அந்த வெடிமுனைகளின் ஆயுளை நீட்டிக்க முடிவெடுத்தபோது ஃபாக்பேங்க் மறுபடி வேண்டியிருந்தது. செய்முறை பற்றி எழுதிவைத்தது மிகக் குறைவு. செய்தவர்களில் ஏறக்குறைய எல்லாரும் ஓய்வுபெற்றோ விலகியோ போயிருந்தார்கள்.

புதிய கூடம் கட்டினார்கள், இருந்த குறிப்புகளின்படி செய்தார்கள். பொருள் வந்தது, தரம் சரியாக வரவில்லை. கோடிக்கணக்கில் செலவழித்துத் தேடிய பிறகுதான் காரணம் பிடிபட்டது. பழைய காலத்தில் ஒரு மூலப்பொருளோடு ஒரு கலப்படம் தானாகவே சேர்ந்து வந்துகொண்டிருந்தது. அந்தக் கலப்படம்தான் ஃபாக்பேங்குக்கு அதன் குணத்தைக் கொடுத்தது. அதைச் செய்தவர்களுக்கே அது தெரியாது. புதிய முறையில் மூலப்பொருளை நன்றாகச் சுத்திகரித்தார்கள். சுத்தத்தோடு குணமும் போய்விட்டது. அமெரிக்க அரசின் கணக்காய்வு அலுவலகம் 2009இல் தந்த அறிக்கைப்படி இந்தச் சிக்கலைத் தீர்க்க மட்டும் ஆன செலவு 6.9 கோடி டாலர். உலகின் மிகப் பெரிய பணப்பை கொண்ட துறைக்கே இந்த நிலை என்றால், ஓய்வுபெறப் போகும் ஹீட் ட்ரீட்மென்ட் ஃபோர்மனின் தலைக்குள் மட்டும் செட்டிங்குகளை வைத்திருக்கும் சிறு தொழிற்சாலையை நினைத்துப் பாருங்கள்.

2015 பதிப்பு இன்னொன்றையும் செய்தது. எம்.ஆர். என்ற பதவி கட்டாயமில்லை என்றது. தேவையான வளங்கள் கிடைக்கச் செய்வதை உயர் நிர்வாகத்தின் நேரடிக் கடமைகளில் ஒன்றாக ஐந்தாம் பிரிவில் வைத்தது. வளங்கள் போதுமா என்பதை மறுபார்வைக் கூட்டத்தின் பேசுபொருளாகவும், என்ன வளம் வேண்டும் என்ற முடிவை அந்தக் கூட்டத்தின் விளைவாகவும் ஒன்பதாம் பிரிவில் வைத்தது. நிர்வாக இயக்குநருக்கு இடையில் ஒளிந்துகொள்ள யாரும் இல்லை. நல்ல மாற்றம். ஆனாலும் எம்.ஆர். போன பிறகும் அதே ஆள் வேறு பெயர்ப் பலகையோடு அதே கொள்முதல் வாசலில் நிற்பதை நிறைய இடங்களில் பார்க்கிறேன்.

இதற்கு மிகத் தெளிவான மருந்தை எழுதிவைத்தது தரநிலைக் குழு அல்ல, ஒரு விபத்து விசாரணைக் குழு. 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்கலம் திரும்பும் வழியில் உடைந்தது. கல்பனா சாவ்லா உள்பட ஏழு பேர் இறந்தார்கள். சேலஞ்சருக்குப் பிறகு நாசா பாதுகாப்புக்கென்று தனி அலுவலகமே அமைத்திருந்தது. ஆட்களும் இருந்தார்கள். ஆனால் அந்தப் பணிகளுக்கான பணம், எந்த ஷட்டில் திட்டத்தைக் கண்காணிக்க வேண்டுமோ அந்தத் திட்டத்தின் கையிலிருந்தே வந்துகொண்டிருந்தது. விசாரணைக் குழு ஆகஸ்டில் தந்த அறிக்கையில், தொழில்நுட்ப விதிகளுக்குப் பொறுப்பான சுதந்திரமான ஓர் அமைப்பை உருவாக்கச் சொன்னது. அதற்கான நிதி நேரடியாகத் தலைமையகத்திலிருந்து வர வேண்டும், திட்டத்தின் காலக்கெடுவோடும் செலவோடும் அதற்கு எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது என்று நிபந்தனையும் போட்டது. அணு உலை விதிகள் பெயர் சொன்ன அதே இரண்டு எதிரிகள்தான். இம்முறை பணப்பெட்டியின் சாவியும் சேர்த்துப் பேசப்பட்டது.

இதை ஒரு சிறிய நிறுவனமும் செய்யலாம். கேலிப்ரேஷன், பயிற்சி, தடுப்புப் பராமரிப்பு, உள் தணிக்கை ஆகியவற்றுக்கான தொகையை உற்பத்திப் பிரிவின் பட்ஜெட்டிலிருந்து பிரித்து, தனித் தலைப்பில் வைக்கலாம். ஆண்டின் நடுவில் அதை வெட்ட வேண்டுமானால் நிர்வாக இயக்குநர் மட்டுமே, எழுத்தில், எந்த ஆபத்தை ஏற்கிறார் என்று சொல்லி வெட்டலாம். கழிவுக் கணக்கு, வாடிக்கையாளர் புகார், தாமதமான கேலிப்ரேஷன், மிகைநேர வேலை ஆகிய நான்கையும் மறுபார்வைக் கூட்டத்தில் ஒரே தாளில் வைத்தால், வளம் போதுமா என்ற கேள்விக்கு யாரும் ஒற்றைச் சொல்லில் பதில் எழுத மாட்டார்கள். இதற்குப் புதிய மென்பொருள் எதுவும் வேண்டாம். கூட்டத்தில் உட்காருபவருக்கு மனம் வேண்டும்.

விதி இன்னும் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. 2023 டிசம்பரில் செயற்கை நுண்ணறிவுக்கான மேலாண்மைத் தரநிலை 42001 வெளிவந்தது. அதிலும் 7.1 அதே இடத்தில், அதே வரியாக இருக்கிறது. கூடவே பின்னிணைப்பில் வளங்களுக்கென்று தனிப் பகுதி: எந்தத் தரவை வைத்து அமைப்பு இயங்குகிறது, எந்தக் கருவிகள், எவ்வளவு கணிப்புத் திறன், யார் யார் ஆட்கள், அவர்களுக்கு என்ன தகுதி என்று நிறுவனம் எழுதிவைக்கச் சொல்கிறது. ஆய்வாளரின் கையில் மைக்ரோமீட்டர் இருக்கிறதா என்று கேட்டுத் தொடங்கிய பட்டியலில் இப்போது தரவும் சேர்ந்துவிட்டது. கணினிக்கூடத்துக்குக் கோடிகளை ஒதுக்கும் நிறுவனங்கள், அதன் விடைகளைச் சரிபார்க்க எத்தனை பேரை, எவ்வளவு நேரத்துக்கு நியமிக்கப்போகின்றன என்பதை அடுத்த சில ஆண்டுகளின் தணிக்கைகள் கேட்கத் தொடங்கும்.